எஞ்சின் பிடித்துக்கொண்ட கதை

போன வருடம் மே மாதம், அக்னி நட்சத்திர வெயிலில், பாகூரிலிருந்து புதுச்சேரிக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தேன். பாகூரில் என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் இருக்கிறார். காலில் கட்டுப் போட்டிருந்தார், பார்க்கப் போனேன். கிருமாம்பாக்கம் தாண்டி கடலூர் சாலையில் வரும்போது வண்டி கொஞ்சம் திணறியது. எதிர்க்காற்று என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை இன்னும் முறுக்கினேன். தகரத்தில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டியதுபோல ஒரு சத்தம் வந்தது. அதற்குள் பின் சக்கரம் இறுகி, சரட்டென்று தார் ரோட்டைத் தேய்த்துக்கொண்டு போனது. என் இடது கை தானாகக் கிளட்சைப் பிடித்துவிட்டது. நாற்பது வருடப் பழக்கம் கையில் இருந்ததால் விழவில்லை. அந்தக் கை மட்டும் ஒரு நொடி யோசித்திருந்தால், பின்னால் வந்த கடலூர் பஸ் என் மேல்தான் ஏறியிருக்கும்.

ஓரமாக ஒரு புளிய மரத்தடிக்குத் தள்ளினேன். யெஸ்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும், அதில் கியர் லிவரும் கிக்கரும் ஒன்றுதான். லிவரை உள்பக்கம் அழுத்தித் தூக்கினால் அதுவே கிக்கர். தூக்கி மிதித்துப் பார்த்தேன். கருங்கல்லை மிதித்ததுபோல இருந்தது. எஞ்சினிலிருந்து வந்த அனல் கால்சட்டையைத் தாண்டிச் சுட்டது.

பிறகுதான் ஒன்று உறைத்தது. காலையிலிருந்து சைலன்சரில் புகையே வரவில்லை. டூ ஸ்ட்ரோக் வண்டி என்றால் நீலப் புகை வந்தே தீரும். முதலியார்பேட்டை பங்க்கில் பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்பும்போதே கவனித்தேன். "பரவாயில்லையே, இன்றைக்கு வண்டி சுத்தமாக ஓடுகிறதே" என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டு வேறு போனேன்.

சைடு பையைத் திறந்தேன். ஆயில் பாட்டில் உள்ளே இருந்தது. 200 மில்லி, நான் கோடு போட்டு வைத்த இடம் வரைக்கும் அப்படியே, ஒரு சொட்டுக் குறையாமல்.

ஐந்து லிட்டர் பெட்ரோல் போட்டிருக்கிறேன், ஆயிலை ஊற்றவில்லை. விஷயம் அவ்வளவுதான்.

இளைய தலைமுறைக்கு இது புரியாது, நமக்குத் தெரியும். இன்றைய நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளில் எஞ்சினுக்கு அடியில் ஆயில் தனியாக நிற்கிறது. பழைய டூ ஸ்ட்ரோக்கில் அப்படி இல்லை. பெட்ரோலோடு கலந்து ஊற்றும் ஆயில்தான் கிராங்க், பேரிங், பிஸ்டன் எல்லாவற்றையும் நனைத்துவிட்டுப் பிறகு எரிந்து புகையாகப் போகிறது. என் கணக்கு லிட்டருக்கு 40 மில்லி. அது இல்லாவிட்டால் பிஸ்டனும் சிலிண்டரும் நேருக்கு நேர் உரசும். பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் இரும்பு. ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். விரிந்து, இடம் போதாமல், சிலிண்டர் சுவரில் ஈஷிக்கொண்டு நின்றுவிடும். நம் மெக்கானிக்குகள் இதற்கு "எஞ்சின் பிடிச்சுக்கிச்சு" என்பார்கள். நான் படித்த பிரெஞ்சிலும் அதே பொருளில்தான் "கிரிப்பே" என்கிறார்கள். அதே வேரில் வரும் "கிரிப்" என்ற சொல்லுக்கு விஷக் காய்ச்சல் என்று அர்த்தம். மொத்தேர் கிரிப்பே என்றால் சின்ன வயதில் எனக்கு எஞ்சினுக்கு ஜலதோஷம் பிடித்ததாகத்தான் தோன்றும்.

பிரெஞ்சு ராணுவத்திலிருந்து பென்ஷன் வாங்கி வந்த என் சிற்றப்பா ஒரு மொபிலெத் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும் முன் ஒரு கண்ணாடிப் புட்டியில் பெட்ரோலையும் ஆயிலையும் ஊற்றிக் குலுக்குவார். "மெலான்ழ், மெலான்ழ்" என்று சொல்லிக்கொண்டே குலுக்குவார். கலவை என்று பொருள். எனக்கு அப்போது எட்டு வயது. புட்டியை வெளிச்சத்தில் பிடித்து நிறம் சரியா என்று பார்க்கும் வேலை என்னுடையது. அந்த வேலையை எட்டு வயதில் ஒழுங்காகச் செய்தவன்தான் எழுபத்து நாலில் கோட்டை விட்டிருக்கிறேன்.

இனி சொல்லப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். இதை விட்டுவிட்டு மீதியை எழுதினால் அது கதையே இல்லை என்பதால் எழுதுகிறேன்.

அந்த மரத்தடியில் நின்றபடி, ரோட்டில் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, பாட்டிலின் மூடியைத் திறந்து அந்த 200 மில்லி ஆயிலையும் புழுதியில் கவிழ்த்து ஊற்றினேன். மேலே காலால் மண்ணைத் தள்ளினேன். காலி பாட்டிலைத் திரும்பப் பைக்குள் வைத்தேன். பிறகு மகனுக்கு போன் செய்தேன்.

"எஞ்சின் பிடிச்சுக்கிச்சுப்பா. பங்க்குல ஆயில் பாட்டிலை அந்தப் பையன் கையில கொடுத்தேன். ஊத்தினானா என்னான்னு நான் பார்க்கலை" என்றேன்.

அரசாங்கத்தில் 39 வருடம் எழுத்தர் வேலை பார்த்தவன் நான். 1971-ல் சேர்ந்தபோது பிரெஞ்சு காலத்துக் கோப்புகள் இன்னும் அலமாரிகளில் இருந்தன. பிரெவே வரை பிரெஞ்சில் படித்தவன் என்பதால் அந்தப் பழைய அரெத்தேக்களைப் படித்துச் சொல்ல என்னைத்தான் கூப்பிடுவார்கள். குறிப்பு எழுத வேண்டிய ஆங்கிலத்தை வேலையில் சேர்ந்த பிறகுதான் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டேன். இத்தனை வருடத்தில் ஒரு கோப்பில் ஒரு தாளை நான் கிழித்தது கிடையாது. பக்க எண்ணைத் திருத்தியது கிடையாது. அப்படிப்பட்டவன் சாட்சியை மண்ணில் கொட்டி மூடினேன்.

ஏன் என்று கேட்டால், அதற்கு ஆறு மாதம் முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். பேத்தியைப் பாட்டு வகுப்பிலிருந்து அழைத்துவரும் பொறுப்பு என்னுடையது. ஒரு வெள்ளிக்கிழமை மறந்துவிட்டேன். வீட்டுத் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டு இருந்தேன். பாட்டு டீச்சர் போன் செய்த பிறகுதான் நினைவு வந்தது. குழந்தை முக்கால் மணி நேரம் தெருவாசலில் நின்றிருக்கிறது. யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் எனக்குச் சுருக்கென்றது. அன்று இரவு மருமகள் மகனிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "மாமா இன்னும் அந்தப் பெரிய வண்டியை ஓட்டறாங்க, எனக்குப் பயமா இருக்கு." மகன், "இன்னொரு தடவை ஏதாவது ஆச்சுன்னா வண்டியைக் கொடுத்துடலாம்" என்றான். புளிய மரத்தடியில் என் காதில் கேட்டது இந்த வாக்கியம்தான்.

மகன் ஒரு குட்டி யானையோடு வந்தான். வண்டியை ஏற்றி நெல்லித்தோப்பில் பாய் பட்டறைக்குக் கொண்டுபோனோம். பாயின் அப்பா காலத்திலிருந்தே அங்கேதான் வேலை. பெரியவர் என்னை "முசியே" என்றுதான் கூப்பிடுவார். இந்தப் பாய் "சார்" என்பார்.

பாய் அவசரப்படவில்லை. முதலில் கிக்கரை யாரும் மிதிக்கக் கூடாது என்றார். மிதித்தால் ஒட்டியிருக்கும் இடம் இன்னும் கிழியும். பிளக்கைக் கழற்றினார். பிறகு டாங்க் மூடியைத் திறந்து, விரலை விட்டு நனைத்து, ஒரு பழைய காலண்டர் தாளில் தேய்த்தார். மூன்று பேரும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஆயில் கலந்த பெட்ரோல் என்றால் தாளில் எண்ணெய்க் கறை நிற்கும். இது காய்ந்துபோய் ஒன்றுமே தெரியவில்லை. மங்கலாக ஒரு வளையம் மட்டும். டாங்க்கில் ஏற்கெனவே ரிசர்வில் கிடந்த ஒரு லிட்டர் கலவையின் மிச்சம் அது.

பாய் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். முப்பது வருடமாக என் வண்டியைப் பார்க்கிறவர். அவரிடம் ஓட்டிப் பார்க்க வண்டியைக் கொடுக்கும்போதே "ஆயில் நான் ஊத்திட்டேன், நீங்க ஊத்தாதீங்க" என்று சொல்லிக் கொடுப்பவன் நான். ஒரு பங்க் பையன் கையில் நான் பாட்டிலைக் கொடுப்பேன் என்று அவரால் நம்ப முடியாது.

"பெட்ரோல் சுத்தமா இருக்கு சார்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

"பார்த்தீங்களாப்பா, அந்தப் பையன் ஊத்தவே இல்ல. ஆயிலை எடுத்து வெச்சுக்கிட்டு காலி பாட்டிலைக் கொடுத்திருக்கான்" என்றான் மகன்.

பிளக் துளை வழியாகக் கொஞ்சம் மண்ணெண்ணெயும் ஆயிலும் ஊற்றி ஒரு இரவு ஊற விட்டார் பாய். மறுநாள் பின் சக்கரத்தைக் கியரில் போட்டு முன்னும் பின்னும் மெல்ல ஆட்டி ஆட்டி விடுவித்தார். பிறகு ஹெட்டைக் கழற்றி, சிலிண்டரை உருவி, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பிஸ்டனில் ஒரு பக்கம் பூனை பிராண்டியதுபோல நீளக் கீறல்கள். ரிங் இரண்டும் பள்ளத்துக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தன. சிலிண்டர் சுவரில் வெள்ளி பூசினாற்போல அலுமினியம் அப்பியிருந்தது. கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தார். "டக் டக்" என்றது. ஆயில் இல்லாமல் ஓடியதில் கீழே பேரிங்கும் அடி வாங்கியிருக்கிறது.

இனி என்ன செய்வது என்பதுதான் கேள்வி. மூன்று வழி இருந்தது.

ஒன்று, இருக்கிற எஞ்சினையே சரிசெய்வது. சிலிண்டரை லேத்தில் போட்டுக் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். கால் மில்லிமீட்டர், அரை, முக்கால், ஒன்று என்று படிப்படியாகப் போகலாம். என் வண்டிக்கு ஏற்கெனவே இரண்டு முறை போரிங் ஆகியிருக்கிறது, அரையில் நிற்கிறது. கீறலின் ஆழத்துக்கு முக்கால் போதாது, நேராக ஒன்றுக்குத்தான் போக வேண்டும் என்றார் பாய். அதற்குமேல் கடைய இடமில்லை, அடுத்த முறை ஸ்லீவ்தான். அவர் எழுதிக் கொடுத்த கணக்கு இது: போரிங், ஹோனிங் 1,200. பிஸ்டன், ரிங், பின் 3,200. ராடு, பேரிங், கிராங்க் வேலை 5,500. சீல், பேக்கிங் 900. கூலி 4,000. ஆக மொத்தம் 14,800 ரூபாய். மைசூர் கம்பெனி 1996-ல் மூடியாகிவிட்டது. ஆனாலும் பிஸ்டன் இன்னும் கிடைக்கிறது, ஒரு வாரத்தில் வரவழைத்துவிடலாம் என்றார்.

இரண்டு, பழைய எஞ்சின் ஒன்றை அப்படியே வாங்கி மாட்டுவது. சென்னை புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கும், 22,000 சொல்கிறார்கள் என்று மகன் விசாரித்து வந்தான். பாய்க்கு அதில் இஷ்டமில்லை. "நம்ம எஞ்சின் நோவு நமக்குத் தெரியும். அது யார் வீட்டு நோவோ" என்றார். எனக்கு வேறொரு கவலை. எஞ்சின் நம்பர் ஆர்.சி.யில் இருக்கிறது. எஞ்சின் மாறினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். வாங்கிய எஞ்சினுக்கு ரசீது வேண்டும், அது திருட்டு எஞ்சின் இல்லை என்பதற்கு அத்தாட்சி வேண்டும். இல்லாவிட்டால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது நம்பரைத் தேய்த்து எடுத்துப் பார்ப்பவரிடம் என்ன சொல்வது? காயலான் கடையில் ரசீதாவது அத்தாட்சியாவது. கோப்பே இல்லாத ஒரு பொருளை என் வண்டியில் ஏற்ற என்னால் முடியாது. அந்த வழி அங்கேயே மூடியது.

மூன்றாவது வழி எல்லோருக்கும் தெரிந்தது. இதைக் கொடுத்துவிட்டு வேறு வாங்குவது. யெஸ்டி என்ற பேரிலேயே 2022-ல் புது வண்டிகள் வந்திருக்கின்றன. நான்கு ஸ்ட்ரோக், ரேடியேட்டர் எல்லாம் உண்டு, ஆயில் கலக்கும் வேலை இல்லை. ஆனால் கனம். மருமகள் சொன்னது எலக்ட்ரிக் ஸ்கூட்டர். அதற்கு ஆயிலும் வேண்டாம், பெட்ரோலும் வேண்டாம், நினைவும் வேண்டாம்.

இதில் மகன் என் பக்கம் நின்றதுதான் எனக்குக் கஷ்டமாகப் போயிற்று. "சரி பண்ணிடலாம்ப்பா. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நல்லா ஓடிக்கிட்டு இருந்த வண்டி. வேற ஒருத்தன் பண்ணின தப்புக்கு நாம ஏன் வண்டியைக் கொடுக்கணும்? நாளைக்குக் காலையில பங்க்குக்குப் போறேன். கேமரா இருக்கும். மேனேஜர்கிட்ட பேசி ரிப்பேர் செலவைப் பாதியாவது வாங்கறேன். இல்லன்னா அந்தப் பையனை வேலையை விட்டு அனுப்பச் சொல்றேன்" என்றான்.

நான் சொன்ன பொய் எனக்கு வண்டியை வாங்கிக் கொடுத்துவிட்டது. அதற்கு விலை அந்தப் பையனின் வேலை.

அவன் முகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இருபது வயதுகூட இருக்காது. பெட்ரோல் போடும்போது "ஜீரோ பாருங்க சார்" என்று ஒவ்வொரு முறையும் காட்டுவான். முன்பெல்லாம் பங்க்கில் ஆயில் அளந்து ஊற்ற ஒரு கைப்பம்பு இருக்கும். போடுகிறவர் முதலில் கேட்பதே "ஆயில் எவ்வளவு?" என்றுதான். 1984-ல் ஆபீஸ் அட்வான்ஸில் இந்த ரோட்கிங்கை வாங்கி, காரைக்காலுக்கு மாற்றலாகிப் போய், சனிக்கிழமை தோறும் சிதம்பரம், சீர்காழி வழியாக 130 கிலோமீட்டர் இதில்தான் வந்து போனேன். வழியில் எந்தப் பங்க்கில் நின்றாலும் அந்தக் கேள்வி வரும். இருபது முப்பது வருடம் நான் ஆயிலை மறக்காமல் இருந்தது என் ஞாபகசக்தியால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாதி அந்தக் கேள்வியால்தான். இன்றைக்கு டூ ஸ்ட்ரோக்கே ரோட்டில் இல்லாதபோது யார் கேட்பார்கள்? அந்தப் பையனுக்கு அப்படி ஒரு கேள்வி இருந்ததே தெரியாது.

அன்று இரவு சாப்பிட்ட பிறகு, பழக்க தோஷம், ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். எந்த விஷயமானாலும் எழுதிப் பார்த்தால்தான் எனக்கு முடிவு வரும். பொருள்: பழுதடைந்த எஞ்சின், சரிசெய்வதா மாற்றுவதா. பத்தி 1, நடந்தது. பத்தி 2, மூன்று வழிகளும் செலவும். பத்தி 3, பழுதுக்குக் காரணம்.

அங்கே பேனா நின்றது. அரசாங்கச் சொத்து எதுவும் சேதமானால் அதைத் தள்ளுபடி செய்யும் முன் காரணத்தை எழுத வேண்டும், யார் பொறுப்பு என்று முடிவு செய்ய வேண்டும். அது இல்லாமல் வரும் கோப்பை நானே எத்தனையோ முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். வெறும் சம்பிரதாயம் என்று எல்லோரும் முணுமுணுப்பார்கள். அன்றைக்கு அது சம்பிரதாயமாகத் தெரியவில்லை. பையன் மறந்தான் என்றால் 14,800 ரூபாய் செலவழித்துச் சரிசெய்வதுதான் புத்திசாலித்தனம். நான் மறந்தேன் என்றால், அதே பணத்தைப் போட்டு அதே எஞ்சினைக் கட்டி அதே ஆளின் கையில் கொடுப்பதற்கு என்ன அர்த்தம்? அடுத்த முறை கை கிளட்சைப் பிடிக்காமல் போகலாம். பின்னால் பேத்தி உட்கார்ந்திருக்கலாம்.

பத்தி 3-ல் உண்மையை எழுதினேன். ஆயிலை மண்ணில் ஊற்றியதையும் எழுதினேன். எழுதிய தாளை எடுத்துக்கொண்டு போய் மகனிடம் கொடுத்தேன். வாயால் சொல்லியிருக்க வேண்டும், சொல்ல வரவில்லை.

அவன் டி.வி.யை நிறுத்திவிட்டுப் படித்தான். இரண்டாவது முறையும் படித்தான். அவன் கோபப்படுவான் என்று நினைத்தேன். "ஏம்ப்பா எங்கிட்ட?" என்று மட்டும் கேட்டான். அந்தக் கேள்விக்கு நான் இன்றுவரை பதில் சொல்லவில்லை. உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த என் மனைவி ஈரக் கையோடு வந்து தாளை வாங்கிப் படித்தாள். "நாளைக்குப் பங்க்குக்குப் போக வேணாம்" என்று மகனிடம் சொன்னாள். என்னிடம் அன்று இரவு பேசவில்லை.

அடுத்த பத்து நாள் வண்டி பாய் பட்டறையில் பிரித்தபடியே கிடந்தது. மகன் என்னை ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனான். ரத்தம் எடுத்தார்கள், படம் பார்த்துப் பேர் சொல்லச் சொன்னார்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். கழித்தலில் நான் டாக்டரை விட வேகமாகப் போனேன், எழுத்தர் அல்லவா. வயதுக்கு உண்டான மறதிதான், இப்போதைக்குப் பயப்பட ஒன்றுமில்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். அந்த "இப்போதைக்கு" என்ற வார்த்தையை நான் கவனித்தேன். மகனும் கவனித்தான்.

வண்டியைக் கொடுத்துவிடலாம் என்று நானே சொன்னேன். பாயிடமும் போய்ச் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார்.

"சார், அன்னிக்கே தெரியும் எனக்கு" என்றார்.

"தெரியும்னு எனக்கும் தெரியும் பாய்."

"நானும் ஒரு தடவை கிராங்க் கேஸ்ல ஆயில் ஊத்தாம ஒரு புல்லட்டை டெலிவரி கொடுத்திருக்கேன். அத்தா எஞ்சினை மறுபடி இறக்கி எம்மேல கணக்கு எழுதினாரு. ஆள் மறப்பான் சார். மறக்க முடியாத மாதிரி வண்டியைப் பண்ணணும்."

அவர் செய்தது இதுதான். டாங்க்குக்குப் பூட்டு வைத்த மூடி ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டார். அந்தப் பூட்டின் சாவியை வண்டிச் சாவியோடு மாட்டவில்லை. ஆயில் பாட்டிலின் கழுத்தில் கம்பியால் முறுக்கிக் கட்டினார். பாட்டிலைக் கையில் எடுக்காமல் டாங்க்கைத் திறக்கவே முடியாது. மாற்றுச் சாவி ஒன்று உண்டு, அது என் மனைவியிடம் இருக்கிறது, எங்கே என்று எனக்குச் சொல்ல மாட்டாள்.

இந்த ஏற்பாட்டை மகனிடம் காட்டினேன். பாட்டிலையும் சாவியையும் ஆட்டி ஆட்டிப் பார்த்தான். ஒரு வாரம் எடுத்துக்கொண்டான். பிறகு சம்மதித்தான், நிபந்தனைகளோடு. கடலூர் சாலை, ஈ.சி.ஆர். இரண்டும் கூடாது. பேத்தியைப் பின்னால் ஏற்றக் கூடாது. ஆறு மாதம் கழித்து டாக்டர் வேறு ஏதாவது சொன்னால் பேச்சே இல்லாமல் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். மூன்றையும் எழுதிக் கையெழுத்து கேட்டான். என் மகன்தான், சந்தேகமில்லை. பேத்தியை ஏற்றக் கூடாது என்ற இடத்தில் மட்டும் கையெழுத்துப் போட எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

ஜூலையில் வண்டி வந்தது. மொத்தம் 15,300 ஆயிற்று, மூடி சேர்த்து. ஒரு மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன். காதில் விழும் சத்தமே வேறாக இருக்கிறது, கொஞ்சம் தடித்த குரல். புது பிஸ்டன் சிலிண்டரோடு பழகும் வரை மெல்ல ஓட்ட வேண்டும். பிரெஞ்சில் இதை "ரொடாழ்" என்பார்கள். அந்த நாளில் அங்கே புது கார்களின் பின்னால் அந்த வார்த்தையை எழுதி ஒட்டியிருப்பார்களாம், வழி விட்டுப் போங்கள் என்று அர்த்தம். முதல் டாங்க்குக்கு லிட்டருக்கு 50 மில்லி ஊற்றச் சொன்னார் பாய். நீலப் புகை தெருவையே மறைத்தது. எதிர் வீட்டு அம்மாள் ஜன்னலைச் சாத்தினார்.

முதல் முறை பெட்ரோல் போட வேண்டுமென்றே அந்தப் பங்க்குக்குத்தான் போனேன். அதே பையன் இருந்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. நான் அவன் மேல் சொன்னது, என் மகன் மேனேஜரைப் பார்க்கக் கிளம்ப இருந்தது, எதுவும் தெரியாது. நான் பையிலிருந்து பாட்டிலை எடுத்து, அதில் தொங்கும் சாவியால் மூடியைத் திறந்ததைப் பார்த்துச் சிரித்தான். "என்னா சார், சாவி தொலைஞ்சிடும்னு பாட்டில்ல கட்டி வெச்சிருக்கீங்களா?" என்றான்.

"பாட்டில் தொலைஞ்சிடும்னு சாவியைக் கட்டி வெச்சிருக்கேன்" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. நான் ஆயிலை ஊற்றும் வரை பம்பைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தான். பிறகு "ஜீரோ பாருங்க சார்" என்றான். கிளம்பும்போது, "தம்பி, இந்த வண்டி வந்தா, ஆயில் ஊத்தினீங்களான்னு என்னை ஒரு வார்த்தை கேளு" என்று சொன்னேன். ஏன் என்று கேட்கவில்லை, சரி என்றான். இதுவரை நான்கு முறை போயிருக்கிறேன். மூன்று முறை கேட்டான். ஒரு முறை மறந்துவிட்டான்.

ஓடோமீட்டர் கணக்குப்படி இன்றைக்கு 412 கிலோமீட்டர் ஆகியிருக்கிறது. 500 முடியும் வரை நாற்பதுக்கு மேல் போகக் கூடாது என்பது பாய் உத்தரவு. டாக்டரிடம் அடுத்த மாதம் போக வேண்டும்.